யாஸ்னா கேரோவின் பெயர் பட்டியலில் இல்லாத காரணம்

எங்கள் படைவீட்டின் பித்தளைச் சாமான்களைச் சனிக்கிழமை காலைதோறும் துலக்குபவன் நான். எவரும் அந்த வேலையை என்மீது சுமத்தவில்லை. விரும்பியே செய்து வந்தேன். எலுமிச்சைச் சாறும் அடுப்புச் சாம்பலும் சேர்த்துத் தேய்த்தால், குழாய் முனைகள் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும். தலைமையகத்தின் விசாரணையாளராகிய தாங்கள் சென்ற சனிக்கிழமை வந்தபோதும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தாங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். பிப்ரவரி எட்டாம் நாள், பகல் ஒரு மணிக்கு, யாஸ்னா கேரோ எங்கள் தீயணைப்புத் தொண்டர் படையின் உறுப்பினராக இருந்தாரா, இல்லையா? இருந்தார் என்றால், தீயில் உயிர் நீத்த எங்கள் தோழர்களின் பட்டியலில் அவர் பெயரும் சேரும். ஒவ்வொரு கூட்டத்திலும் செயலாளர் அப்பெயரை வாசிப்பார். அவையினர் எல்லோரும் எழுந்து, அவருக்காக, "உள்ளேன்" என்று குரல் கொடுப்பர். இல்லை என்றால், அவர் தீயில் சிக்கி இறந்த ஒரு வழிப்போக்கர், அவ்வளவே.

"பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று தங்களிடம் கூறினேன். பதிவேட்டைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஆதலால் இதனை எழுதுகிறேன்.

நான் ரொட்டி சுடுபவன். தோர்கசா குன்றின் அடிவாரத்தில் எனக்கு ஓர் அடுப்பு உண்டு. படையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் செயலாளர். எங்களில் எவருக்கும் ஊதியம் கிடையாது. கறிக்கடைக்காரரும் பள்ளி ஆசிரியையும் மீன் இறக்குபவரும் சங்கு ஒலித்தவுடன் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறோம். ஊதியம் இல்லாத இடத்தில் மனிதர்களைக் கட்டிப்போடுவது ஒழுங்கு ஒன்றுதான். இது என் கருத்து. இன்றும் இதை மாற்றிக்கொள்ளவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த ஒழுங்கு குலையத் தொடங்கியது. ஒருவர் மது அருந்திவிட்டுச் சங்குக்கு வந்தார். இன்னொருவர் எரிந்து முடிந்த வீட்டின் முன் நின்று புன்னகையோடு படம் எடுத்துக்கொண்டார். அந்த வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டாள். அன்று மாலை எங்கள் தலைவர் டோன் எர்மோகெனெஸ் என் கடைக்கு வந்து, சூடான ரொட்டி ஒன்றைப் பிட்டுத் தின்றபடி, நெருங்கிய நண்பரை அழைக்கும் உரிமையோடு சொன்னார்:

"கம்பாத்ரே, இனிமே வாயால சொல்லிக் காரியமில்ல. எல்லாத்தையும் தாள்ல எழுதிடுவோம். நீங்கதான் எழுதணும். உங்க கையெழுத்தப் பார்த்தாலே பசங்க சட்டப் பித்தானப் போட்டுக்குவாங்க."

நான் எழுத்துக் கற்றது நாற்பத்துமூன்றாம் வயதில். அந்தச் சொற்கள் எனக்கு எத்தகைய பெருமையைத் தந்திருக்கும் என்பதைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஐந்து மாதங்கள் உழைத்து இருபத்தாறு நடத்தை விதிகளை எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் அடுப்பின் முன் நின்று உரக்கப் படித்துப் பார்த்தேன். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று எவரும் தடுமாறக் கூடாது என்பதே என் கவலை.

அவற்றைப் பொதுக்கூட்டத்தில் வாசித்த பிற்பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்பது பேர் இருந்தனர். நான்காம் விதிக்கு வந்தேன். "உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு அளிக்கப்பட்ட தலைக்கவசத்தை, அதற்குரிய மரியாதையோடு, தம் தலையின்மீது அணிந்துகொள்ளக் கடவர்" என்று படித்தேன்.

பின்வரிசையிலிருந்து யாஸ்னா கேட்டாள்:

"தலைமேல போடாம வேற எங்க போடுவோம் டோன் எவாரிஸ்தோ, முழங்கால்லயா?"

அவை சிரித்தது. டோன் எர்மோகெனெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இவளுக்கு வாய மூடுறதுக்கு ஒரு விதி எழுதுங்க கம்பாத்ரே" என்றார் ஒருவர். "எழுதட்டும், எழுதட்டும். அதையும் தலைமேலயே போட்டுக்கறேன்" என்றாள் அவள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு மற்றவர்களுடைய சிரிப்பு அடங்கிய பின்னரும் சற்று நேரம் நீடித்ததாக நினைக்கிறேன்.

யாஸ்னா எரிவாயு உருளை விற்பவள். சிறு வண்டியில் உருளைகளை ஏற்றிக்கொண்டு, இரும்புக் கம்பியால் அவற்றைத் தட்டி ஓசை எழுப்பியபடி குன்று முழுவதும் செல்வாள். எந்தப் படிக்கட்டு எந்த வீட்டில் முடிகிறது, எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத கிழவர் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். முப்பத்தொரு வயது. என்னிடம் அவளுக்குப் பகை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அவள் மறுநாளே மறந்திருப்பாள்.

அன்று விதிகள் நிறைவேறின. அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு திருத்தங்களைக் கொண்டு சென்றேன். பதினொன்றாம் விதி: இடைநீக்கம் செய்யப்பட்டவர் படையின் எந்தக் கருவியையும் தொடக் கூடாது, எவரும் அவருக்குக் கொடுக்கவும் கூடாது, அக்காலத்தில் அவருக்கு நேர்வது எதுவும் படையைச் சாராது. பன்னிரண்டாம் விதி: ஒழுங்கு மன்றத்தின் முடிவு எதுவாயினும், செயலாளர் அதை அவையில் வாசித்த பின்னரே செல்லும். யாரையும் மனத்தில் வைத்து இவற்றை எழுதவில்லை என்று அன்று சொன்னேன். என் மனைவியிடமும் அவ்வாறே சொன்னேன்.

சென்ற நவம்பரில் யாஸ்னா உள்ளூர் வானொலியில் பேசினாள். குன்றில் உள்ள தீயணைப்புத் தெருக்குழாய்களில் பாதிக்கு மேல் வறண்டு கிடக்கின்றன என்றாள். "தொறந்தா தண்ணி வரல, காத்துதான் வருது. அந்தக் காத்து நெருப்பத்தான் வளர்க்கும்" என்றாள். அவள் சொன்னது உண்மை. ஆயினும் தலைவரின் அனுமதியின்றிப் பத்திரிகைக்கோ வானொலிக்கோ பேசக் கூடாது என்பது ஒன்பதாம் விதி. புகார் எழுதியவன் நான். மூன்று பக்கங்கள் எழுதினேன். அடித்தல் திருத்தல் ஏதுமில்லை. மன்றத்தினர் ஐவரும் தயங்கினர். விதியை எழுதிவிட்டு மீறலாமா என்று கேட்டேன்.  அவளை மூன்று மாதங்கள் இடைநீக்கம் செய்தனர்.

அவள் தலைக்கவசத்தையும் மேற்சட்டையையும் முகமூடியையும் என்னிடம் ஒப்படைத்தாள். "பத்திரமா வச்சிருங்க டோன் எவாரிஸ்தோ. சட்டப்பையில பாதி சாக்லேட் இருக்கு, எலி தின்னுடப் போவுது" என்றாள். அதன்பின் சனிக்கிழமைதோறும் படைவீட்டின் வாசல்வரை வந்து, தெருவிலேயே நின்று, வண்டி ஓட்டுநர் நிபால்தோவோடு பேசிவிட்டுப் போவாள். உள்ளே வரமாட்டாள். விதியை மதித்தாள் என்றே சொல்ல வேண்டும். அவள் வெளியே நிற்பதைப் பார்த்துக்கொண்டே நான் பித்தளையைத் துலக்குவேன். அது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அது மகிழ்ச்சிதான், வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி எட்டாம் நாள் சனிக்கிழமை. தென்காற்று காலையிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது. பன்னிரண்டே முக்காலுக்குச் சங்கு ஒலித்தது. பள்ளத்தாக்கின் யூகலிப்டஸ் மரங்களில் பற்றிய தீ, மேலே இருந்த மரவீடுகளுக்குத் தாவியிருந்தது. எங்கள் வண்டி படிக்கட்டின் கீழே நின்றது. அதற்கு மேல் வண்டி செல்ல இயலாது. எனக்கு அறுபத்தொரு வயது என்பதால் நான் மேலே ஏறுவதில்லை. வண்டியோடு நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. வரைபடத்தில் குறித்திருந்த தெருக்குழாயை நிபால்தோ திறந்தார். தண்ணீர் வரவில்லை.

அப்போது யாஸ்னா ஓடி வந்தாள். வேலைச்சட்டையும் ரப்பர்ச் செருப்பும் அணிந்திருந்தாள்.

"கோயிலுக்குப் பின்னாடி இருக்கே, அந்தக் குழாய்ல தண்ணி வருது. போன வாரந்தான் பார்த்தேன். குழாய்ச்சாவியக் குடுங்க. என் சட்டையும் முகமூடியும் குடுங்க. மேல டோன்யா செல்மிராவும் அவ புருஷனும் இருக்காங்க, அவரால எழுந்திரிக்க முடியாது."

அவளுடைய மேற்சட்டையும் முகமூடியும் என் கைக்கெட்டும் தூரத்தில், வண்டியின் பக்கவாட்டில் தொங்கின. நான் பதினொன்றாம் விதியைச் சொன்னேன். உரத்த குரலில் சொல்லவில்லை. நிபால்தோ என்னைப் பார்த்துக் கத்தினார்:

"யோவ், குடுத்துத் தொலைய்யா! வீடு எரியுது, நீ பாடம் படிக்கிற!"

"கொடுப்பவரும் விதியை மீறியவராவார்" என்றேன். நிபால்தோவுக்கு நான்கு குழந்தைகள். படைவீட்டின் மாடியிலேயே குடியிருக்கிறார். இடைநீக்கம் என்றால் அவருக்கு வீடும் போய்விடும். இது எனக்குத் தெரியும். அவர் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு கோயிலை நோக்கி ஓடினார். தண்ணீர் வந்தது. யாஸ்னா சொன்னது சரியாகவே இருந்தது.

அவள் வெறும் சட்டையோடு மேலே சென்றாள். டோன்யா செல்மிராவை முதுகில் சுமந்து அறுபது படிகள் இறங்கி வந்து, வண்டியின் அருகே உட்கார வைத்தாள். கிழவி அவள் கையை விடவில்லை. "வரேன் பாட்டி, கெழவர விட்டுட்டு வந்தா நீங்க ராத்திரிக்கு என்னத் திட்டுவீங்க" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டாள். மீண்டும் ஏறினாள். திரும்பி வரவில்லை. கூரை விழவில்லை, நெருப்பு அவளைத் தொடவும் இல்லை. கிழவரின் கட்டிலருகே புகையில் மூச்சுத் திணறி இறந்து கிடந்தாள். முகமூடி இருந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள் என்பது மருத்துவரின் அறிக்கை. அது தங்களிடம் இருக்கிறது.

அடக்கத்துக்கு முன் படைவீட்டில் பட்டியல் வாசிக்கும் முறை வந்தது. முந்தைய ஆண்டுகளில் உயிர் நீத்த ஐவரின் பெயர்களைப் படித்தேன். ஐந்து முறை "உள்ளேன்" என்று அவை முழங்கியது. பின் எல்லோரும் உட்காராமல் நின்றனர். ஆறாவது பெயருக்காகக் காத்திருந்தனர். அவளுடைய அண்ணன் எலியாசர் தொப்பியைக் கையில் பிடித்தபடி முதல் வரிசையில் நின்றார். நான் பதிவேட்டை மூடினேன்.

"அவ பேரு?" என்று எலியாசர் கேட்டார்.

"விதி இடம் தரவில்லை" என்றேன்.

"செத்தவளுக்குமாங்க விதி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். 

தங்கள் கேள்விக்கு இப்போது விடை கூறுகிறேன். பிப்ரவரி ஆறாம் நாள், வியாழக்கிழமை, தெருக்குழாய்கள் வறண்டிருப்பதைத் தண்ணீர்த் துறையினரே ஒப்புக்கொண்ட பின், ஒழுங்கு மன்றம் கூடி யாஸ்னாவின் இடைநீக்கத்தை நீக்கியது. ஐவரும் கையொப்பமிட்டனர். டோன் எர்மோகெனெஸ் தாளை என்னிடம் கொடுத்து, "நாளைக்குக் கூட்டத்துல மொதல்ல இதப் படிச்சிடுங்க கம்பாத்ரே. அந்தப் பொண்ணு தெருவுல நிக்கறது எனக்கே வெக்கமா இருக்கு" என்றார். அன்றிரவே அவர் தம் மகளைப் பார்க்கக் கில்யோத்தா ஊருக்குப் போய்விட்டார். தீக்குப் பின்பே திரும்பினார். தாளைப் பற்றிக் கேட்டபோது, வெள்ளிக்கிழமை அதை வாசிக்க இயலவில்லை, ஆகவே அது செல்லாது என்று அவரிடம் கூறினேன்.  அதன்பின் அவர் தங்களுக்கு எழுதினார்.

வாசிக்க இயலவில்லை என்பது பொய். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தாள் என் கையில்தான் இருந்தது. இரண்டாம் பத்தியின் வாக்கியம் சரியாக அமையவில்லை, நல்ல நகல் எடுத்து அடுத்த வாரம் வாசிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை. அவள் இன்னும் ஒரு சனிக்கிழமை வாசலுக்கு வெளியே நிற்பதைப் பார்க்க விரும்பினேன். நான் விரும்பியது அவ்வளவே. ஒரே ஒரு சனிக்கிழமை.

தாளை இத்துடன் இணைத்துள்ளேன். அதன் ஓரத்தில் உள்ள கறை வியர்வை. தீ எரிந்த வேளையில் அது என் சட்டைப்பையில் இருந்தது. அவள் பெயரைப் பட்டியலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். அதை வாசிப்பவன் நானாக இருக்கலாகாது.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. நிபால்தோ கோயிலை நோக்கி ஓடிய பின், முதன்முறை படியேறுவதற்கு முன், யாஸ்னா ஒரு கணம் என் முன்னே நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே, மிகப் பணிவாகக் கேட்டாள்:

"டோன் எவாரிஸ்தோ, மன்றத்துலேருந்து ஏதாவது சேதி வந்துச்சா?"

"இன்னும் ஒண்ணும் வரலம்மா" என்றேன்.

"சரிங்க" என்றாள். அவள் என்னை நம்பினாள்.