இருபதாவது பிளாப்பி

எண்ணிட்டியா? பத்தொம்பதுதான் இருக்கும். பெட்டி ரெண்டு, பெட்டிக்குப் பத்து, ஆக இருபது இருக்கணும்னு எனக்கே கணக்கு சொல்ல வந்துட்டே. ஏம்ப்பா சம்பத், முப்பத்திநாலு வருஷம் கவர்ன்மென்ட் ஆபீஸ்ல ரெக்கார்ட் செக்‌ஷன் பாத்தவன் நான். இந்த ராஜகோபாலன் மேஜையிலேர்ந்து ஒரு காகிதம் காணாமப் போச்சுன்னு எவனும் சொன்னது கிடையாது. ஒரு பிளாப்பி எங்கயாவது போயிருக்கும். போயிட்டுப் போகட்டும். இருக்கறதைப் பாரு.

இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். நீ வரது இது மூணாவது தடவை. முதல் தடவை வந்தே, வைரஸ் போயிடுச்சு சார்னே. நாலே நாள்ல திரும்ப வந்துடுச்சு. ரெண்டாவது தடவையும் அதே கதை. டைப் அடிச்சுக்கிட்டே இருக்கும்போது மிஷின் செத்த மாதிரி நின்னுடுது. பிரிண்ட் குடுத்தா கோழி கிளறின மாதிரி என்னத்தையோ அடிச்சுத் தள்ளுது. எனக்கு இப்ப வேண்டியது ஒரே ஒரு லெட்டர். ஞாயித்துக்கிழமை என் பொண்ணு சுந்தரவல்லியைப் பாக்க மேடவாக்கத்துலேர்ந்து வராங்க. அதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு லெட்டர் போய்ச் சேந்தாகணும். முறையா அழைச்சு எழுதினாத்தான் வருவோம்னு பையனோட அம்மா சொல்லிட்டாங்களாம். முறையாம், முறை! இன்னிக்குப் புதன். மூணு மணிக்கெல்லாம் தபால்காரன் பெட்டியைத் திறந்து எடுத்துடுவான். அதுக்குள்ள இந்த சனியனை சரி பண்ணு.

அது என்ன, உன் பாக்கெட்லேர்ந்து ஒரு பிளாப்பி எடுக்கறே? ஓகோ. மிஷினை ஆஃப் பண்ணிட்டு, சுத்தமான பிளாப்பியைப் போட்டு, அதுலேர்ந்து ஸ்டார்ட் பண்ணணும். ஓரத்துல இருக்கற அந்தக் குட்டிக் கதவைத் தள்ளிட்டா வைரஸ் அதுக்குள்ள நுழைய முடியாது. சரி, சரி, அவ்வளவு நீளமா வெளக்காதே. வைரஸ் எடுக்கற சாஃப்ட்வேரை எங்க வாங்கினே? வாங்கலயா? புஸ்தகத்தோட ஃப்ரீயா வந்த சிடியா! அடப்பாவி. ஓசியில குடுத்தா பினாயிலையும் குடிப்பான் நம்ம ஆளு. காலணா போடாத சாமானை வச்சுக்கிட்டு என் மிஷின்ல கை வைக்கறே, அது மூணு தடவை திரும்பி வராம என்ன பண்ணும்?

கோச்சுக்காதே. உங்கப்பா ஜெயவேலுவை எனக்கு நல்லாத் தெரியும். இந்த சேலையூர் காலனியே அவர் நெல்லு போட்ட இடம்தானே. பிளாட் போட்டு வித்தாரு. வித்த மறுமாசம் மாட்டை வித்தாரு, வேட்டியை விட்டுட்டு பேண்ட் போட்டாரு, அப்புறம் எங்களைப் பாத்தா நின்னு பேசக்கூட நேரமில்லாமப் போச்சு. இப்ப அவர் பிள்ளை அதே நிலத்துல முட்டி போட்டு உக்காந்து வயரை நோண்டறான். உண்மையைத்தானே சொல்றேன்?

ஆனா ஒண்ணு. என் மச்சான் சுப்ரமணியனுக்கு நீ எவ்வளவோ தேவலை. அவன் பெரிய மேதாவி. போன மாசம் வந்தான். அத்திம்பேர்... ஏன் சிரிக்கறே, எங்க வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க... அத்திம்பேர், இந்த வைரஸ் எல்லாம் ஒரு தேதி வச்சுக்கிட்டுத்தான் முழிச்சுக்கும், அந்தத் தேதியே வராமப் பண்ணிட்டா அது தூங்கிக்கிட்டே கிடக்கும்னான். மிஷின்ல தேதியை மாத்திட்டுப் போயிட்டான். தொண்ணூத்தேழுல உக்காந்திருக்கேன், மிஷின் எம்பத்தஞ்சுங்கறது. வைரஸுக்கு அவன் தாலாட்டு பாடினதுதான் மிச்சம், அது ஒரு நிமிஷம் கண் அசரல. கேட்டா, அப்ப அது வேற ஜாதி வைரஸ் அத்திம்பேர்ங்கறான். மூஞ்சியைப் பாரு.

எப்படி வந்துச்சா? எப்படி வரும், அந்த தரகன் குப்புராஜ் குடுத்துதான் வந்துச்சு. முன்னாடியெல்லாம் மஞ்சப் பையில ஜாதகக் கட்டைத் தூக்கிக்கிட்டு தாம்பரம் மார்க்கெட் பக்கம் சுத்திக்கிட்டிருந்தவன். இப்ப அவனும் கம்ப்யூட்டர் ஆயிட்டான். ஜாதகம் கணிக்கற சாஃப்ட்வேர்னு ஒரு பிளாப்பி. சார், பொறந்த நேரத்தை அடிங்க, பொருத்தம் தானா வரும்னான். அதை எவன்கிட்டேர்ந்து காப்பி அடிச்சானோ, அவன் எவன்கிட்ட அடிச்சானோ. அதுல ஒட்டிக்கிட்டு வந்ததுதான் இது. அவன்கிட்ட போய்க் கேட்டா, வைரஸா, எங்க ஜாதகத்துல அப்படி ஒரு கிரகமே கிடையாது சார்ங்கறான். இவனை நம்பித்தான் ஊர்ல பொண்ணுங்களுக்குக் கல்யாணம் நடக்குது.

அது என்ன, டர்ரு டர்ருன்னு சத்தம்? ஸ்கேன் ஓடுதா? ஓடட்டும். தாம்பரம் ஸ்டேஷன்ல நிக்கற பாசஞ்சர் மாதிரி ஓடறது.

இதுக்கு முன்னாடி பொண்ணு பாக்க வந்தவங்க கதையைக் கேக்கறியா? நாலு பேர் வந்தாங்கப்பா, மூணு வருஷத்துல. முதல்ல பல்லாவரம். தோல் கம்பெனில சூப்பர்வைசர். உள்ள வந்து உக்காந்தான், சோபா பூரா அந்த வாசனை. அப்புறம் நங்கநல்லூர். பாங்க் கிளார்க், ஆனா பேசினதெல்லாம் அவங்க அம்மா. அவன் வாயைத் திறந்தது பஜ்ஜி திங்கறதுக்கு மட்டும்தான். மூணாவது பெருங்களத்தூர். பெண்டாட்டி செத்து ஆறு மாசம் ஆகல, தலைக்கு மை அடிச்சுக்கிட்டு வந்துட்டான். காதோரத்துல வழியுது. நாலாவது கூடுவாஞ்சேரி. கணக்கு வாத்தியார். கொஞ்சம் பரவாயில்லன்னுதான் சொல்லணும், ஆனா செருப்பை நடு வாசல்ல விட்டுட்டு உள்ள வந்தான். இதெல்லாம் ஒரு வரனா? நாலு பேரும் பாத்துட்டுப் போனாங்க, பொண்ணு பிடிச்சிருக்குன்னாங்க. பத்து நாள் கழிச்சு அவங்களே வேணாம்னுட்டாங்க. காரணம் கேட்டா ஒருத்தனும் சொல்லல. ஒரு போன்கூட இல்ல. பெரிய மனுஷங்க!

அவளா? அவ என்ன சொல்லுவா. முப்பத்தாறு வயசு ஆச்சு. அவங்க அம்மா போயி பதினோரு வருஷம் ஆகுது. காலைல எந்திரிச்சு சமைச்சு வச்சுட்டு, என் மாத்திரையை வேளைவாரியா டப்பால போட்டுட்டு, எட்டு பன்னெண்டு வண்டியைப் பிடிச்சு கிண்டிக்கு ஆபீஸ் போறா. வந்தா திரும்ப சமையல். ஒவ்வொரு தடவை வேணாம்னு சேதி வரும்போதும் சரிப்பாம்பா, போய் தோசை ஊத்துவா. எனக்கே கோபம் வரும். ஒரு அழுகை வேண்டாமா? மரம் மாதிரி நின்னா எவனுக்குத்தான் பிடிக்கும்?

இந்தத் தடவைதான் வாயைத் திறந்திருக்கா. ஏகநாதன்னு பேராம். அவ ஆபீஸ் இருக்கற கட்டடத்துலயே மேல் மாடில, ஏதோ பம்பு கம்பெனில வேலை. மாடிப்படில பாத்துப் பேசி, அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. தரகனும் இல்ல ஒண்ணும் இல்ல. சமையல்கட்டு நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு சொல்றா, அப்பா, இவரை எனக்குப் பிடிச்சிருக்குன்னு. முப்பத்தாறு வயசுப் பொண்ணு பேசற பேச்சா இது? அதோட விட்டாளா? இதுவும் தட்டிப் போச்சுன்னா இனிமே என் ஜாதகத்தை வெளில எடுக்காதீங்கப்பா, இதோட போதும்னுட்டா.

நேத்து பீர்க்கங்காய் நறுக்கிக்கிட்டே பாடறா, சம்பத். மெதுவாத்தான். இந்த வீட்ல பாட்டுச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? எனக்கு சாப்பாடு இறங்கல. மேடவாக்கத்துக்காரன் மூஞ்சியை நான் இன்னும் பாக்கக்கூட இல்ல, அதுக்குள்ள அவன் மேல அப்படி ஒரு ஆத்திரம்.

முடிஞ்சுதா? ஹார்ட் டிஸ்க்ல இருந்ததை எடுத்துட்டே. சபாஷ். பத்தொம்பது பிளாப்பில மூணுல இருந்துச்சு, அதையும் எடுத்துட்டே. அந்தக் குப்புராஜ் பிளாப்பியைத் தூக்கிக் குப்பையில போடு. சரி, எழுந்திரு, நான் லெட்டர் அடிக்கணும்.

ஏன், இன்னும் என்ன? மறுபடியும் இருபதாவதா? விடமாட்டியா நீ? உடும்புப் பிடியா இருக்கே. இல்ல, நான் ஒத்துக்கறேன், நீ சொல்றது புரியுது. நீ சுத்தம் பண்ணிட்டுப் போவே. நான் அந்தப் பிளாப்பியைப் போடுவேன். உள்ள இருக்கறது மறந்துபோய் மறுநாள் அப்படியே சுவிட்சைப் போடுவேன். அதுல இருக்கற வைரஸ் திரும்ப உள்ள ஏறும். அதான் ரெண்டு தடவையும் நடந்துச்சுங்கறே. உன் ஓசி சாஃப்ட்வேர் மேல தப்பு இல்லங்கறே. இருக்கலாம். அதை எடுக்கலன்னா நீ நூறு தடவை வந்தாலும் இதே கதைதான். அப்ப வேற வழி இல்ல.

இரு. அலமாரி சாவி என் பூணூல்லதான் கட்டியிருக்கேன். இந்தா. பென்ஷன் பேப்பருக்கு அடியில வச்சிருந்தேன். ஸ்கேன் பண்ணு.

இருக்கா? ம். தெரியும்.

ஃபார்மேட்டா? மொத்தமா அழிச்சுடுவியா? கையை எடுடா! அதுல ஒரு எழுத்து போச்சுன்னா உன்னை சும்மா விட மாட்டேன். ராத்திரி பகலா யோசிச்சு எழுதினதுப்பா, திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்ல. வைரஸை மட்டும் எடு. உள்ள இருக்கறதைப் பத்திரமா இருக்கான்னு திறந்தே பாரு, நான் என்ன திருடினா வச்சிருக்கேன்? நாலே நாலு லெட்டர். பல்லாவரம், நங்கநல்லூர், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி. நாலும் ஒரே லெட்டர்தான், மேல அட்ரஸ்தான் வேற.

படிச்சுட்டியா? இங்கிலீஷ் புரியுதில்ல? என்ன அப்படிப் பாக்கறே? நடத்தையைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா பாரு. இருக்காது. பெத்த பொண்ணைப் பத்தி அப்படி எழுத என் கை வருமா? வலிப்பு வரும்னு மட்டும்தான் போட்டிருக்கேன். சின்ன வயசுலேர்ந்து இருக்கு, அப்பன் மறைக்கறான், விசாரிச்சுக்குங்க. கீழ, தங்கள் நலம் விரும்பி. அவ்வளவுதான். சே, அவளுக்கு ஏதுப்பா வலிப்பு. ஒரு தலைவலின்னு படுத்தது கிடையாது.

முன்னாடின்னா ஜாதகம் சேரலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், முடிஞ்சுது. அந்தக் குப்புராஜ் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து அதைக் கெடுத்தான். பல்லாவரத்துக்காரனுக்குப் பத்துக்கு ஒம்போது பொருத்தம்னு காட்டிடுச்சு, அவளே பக்கத்துல நின்னு பாத்துட்டா. நான் என்ன பண்ணட்டும்? கையால எழுதினா மாட்டிப்பேன், காலனி நோட்டீஸ் எல்லாம் என் கையெழுத்துதான், அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

நீ வேணா போய் அவகிட்ட சொல்லு. தாராளமா சொல்லு. பெத்த அப்பன் எழுதுவானாடான்னு உன்னைத்தான் செருப்பால அடிப்பாங்க. அவளே நம்ப மாட்டா.

அவ போயிட்டா இந்த வீட்ல எனக்கு யாரு இருக்கா, சொல்லு. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அவ வாசல் கேட்டைத் திறக்கற சத்தம் கேக்கும்னுதான் நான் நாள் பூரா உக்காந்திருக்கேன். அந்த சத்தம் இல்லன்னா? பயமா இருக்குப்பா. நெஜமாவே பயமா இருக்கு. சீ, போயும் போயும் உன்கிட்ட சொல்றேன் பாரு.

சுத்தமாயிடுச்சா? அப்ப எழுந்திரிக்காதே, உக்காரு. எனக்குக் கண்ணுல புரை, நான் தேடித் தேடி அடிச்சா மூணு மணி தாண்டிடும். கடைசி லெட்டரைத் திற. கூடுவாஞ்சேரி அட்ரஸை எடுத்துட்டு மேடவாக்கம் அட்ரஸைப் போட்டு ஒரு பிரிண்ட் எடு. இந்தா அட்ரஸ். காலைல ஆபீஸ் போறப்ப அவளே எழுதிக் குடுத்துட்டுப் போனா, மறக்காம இன்னிக்கே போட்டுடுங்கப்பான்னு. நல்ல கையெழுத்து அவளுக்கு. பின்கோடு கூட எழுதியிருக்கா. பாத்து அப்படியே அடி.