ஓடையைக் கலக்கினது யாரு?

...பின்ன என்னம்மா? கண்ணாடி மாதிரி ஓடின தண்ணி! இப்பப் பாரு, டீ மாதிரி... ச்சே, டீ கூடத் தேவல! எல்லாம் அந்த மனுஷன் வேல. மேல, பாலத்துக்கிட்ட கார் கழுவுற கடை வெச்சிருக்காரே, அவரேதான். எனக்குச் சம்பந்தி ஆகப் போறவரு!

நீ என்ன, கரையிலயே வர? முள்ளு குத்தும்மா. நான் எப்பவும் அந்த மேட்டுப் பக்கமா எறங்கி, ஓடைக்குள்ளயே சளக் சளக்குன்னு நடந்து வந்துடுவேன். காலுக்குச் சில்லுன்னு இருக்கும். சரி சரி, இந்த ஓடையையும் நீர்நாயையும் கவனிக்குற நம்ம குழுவுக்குப் புதுசு நீ, போகப் போகப் பழகிடும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், நீர்நாய்! தண்ணி கலங்கிட்டா அதுக்கு மீன் எங்கேருந்து தெரியும்? நானும் அதோட கால்தடத்த அளக்குறேன், எச்சம் பொறுக்குறேன்... ஒரு நாள் எச்சத்த டிபன் டப்பாவுல போட்டு வெச்சேன், எங்க வீட்டுக்காரரு பசியோட வந்து தொறந்துட்டாரு, அய்யோ, அத விடு! ஆனா நீர்நாய் மூஞ்சிய மட்டும் பாத்ததே இல்ல. வாய் ஓயாம கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கேன், வரமாட்டேங்குது! ஏன் சிரிக்கிற?

வீட்டுல பொண்ணு ஒரே அழுக. "அம்மா, அவங்கப்பா அழுக்குத் தண்ணிக்குத் தனியா தொட்டி கட்டியிருக்காரும்மா"ங்குறா. கேப்பேனா நான்? தண்ணி தெளியுற வரைக்கும் கல்யாணப் பேச்சே கெடையாதுன்னு, கடை வாசல்லயே, அத்தன பேரு முன்னாடி, சொல்லிட்டு வந்துட்டேன்! மனுஷன் கையில சோப்பு நுரையோட அப்படியே நின்னாரு.

இந்தா, தண்ணி தெளிவா இருக்கான்னு பாக்குற குழாயப் புடி. அடியில கறுப்பா குறி இருக்கா? தண்ணிய ஊத்தி மேலேருந்து பாக்கணும். குறி தெரிஞ்சா நல்ல தண்ணி. தெரியுதா? தெரியாது! சொன்னேன்ல! பாட்டில என் காலுக்குக் கீழ, தண்ணி ஓடிப் போற பக்கமா முக்குவேன், தண்ணி தானா வந்து ரொம்பிடும். பயிற்சியன்னிக்கு எந்தப் பக்கம் நின்னு எடுக்கணும்னு ஏதோ சொன்னாங்களாம். நான் பக்கத்துல இருந்த அம்மாகிட்ட சம்பந்தியப் பத்திச் சொல்லிட்டிருந்தேன்.

என்ன, மேல, தண்ணி வர்ற பக்கமா கையக் காட்டுற? நீ எடுக்குறியா? கரையில நின்னுக்கிட்டேவா? எடேன், எடுத்துப் பாரேன்... ஊத்து... அட. குறி பளிச்சுன்னு தெரியுதே! அங்க தெளிவா இருக்கு, இங்க மட்டும் எப்படி... ஏன் என் காலயே பாக்குற? காலுல என்ன...

அடக் கடவுளே. நானா?

நானே மிதிச்சு, நானே கலக்கி, நானே அளந்து, நானே போய்ச் சண்டயும் போட்டு... ஐயோ, வயிறு வலிக்குதே! அழவேண்டியவ நான், சிரிப்புல்ல வருது! பாவம்மா அந்த மனுஷன், அந்த நுரையோட...

இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போவேன்? எங்கிட்ட காரும் இல்ல, கழுவக் குடுக்குற மாதிரி நைசாப் போறதுக்கு... ஏம்மா, மேல நிக்குற ஸ்கூட்டரு உன்னோடதுதானே? புதுசா? பரவால்ல. அத இந்தச் சேத்துல ஒரு தடவ விட்டு எடேன், ரெண்டு பேருமா போயிடலாம்... ஏய், எங்க ஓடுற? ஸ்டார்ட் பண்ணாத, நில்லு! என் பொண்ணு கல்யாணம்மா! கொஞ்சூண்டு சேறுதானே கேட்டேன்!