என் வீட்டுக்காரரைக் குழுவிலிருந்து நீக்கிய கதை

அடுப்பை அணைத்து, அரைநாள் கடையை அடைத்து, இந்த அவைக்குத் தலைமையேற்க வந்து அமர்ந்திருக்கும் ரொட்டிக்கடை அக்கா அவர்களே, மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே, பகடையையும் பென்சிலையும் பையில் போட்டுக்கொண்டு பல ஊர்களிலிருந்து புறப்பட்டு வந்து, இன்று முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் குழு நண்பர்களே, பிள்ளை எதை விளையாடுகிறது என்று புரியாவிட்டாலும் போய்வா என்று அனுப்பிவைத்த தாய்மார்களே, அனுப்பிவைக்க மனமில்லாமல் கூடவே கிளம்பி வந்துவிட்ட தாய்மார்களே, மூன்றாவது வரிசையின் ஓரத்தில் என்னை நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

சிரிக்காதீர்கள். இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கேட்டுக்கொண்டுதான் மேடை ஏறினேன். "வேணாம்னா விடவா போறே" என்றார். அதற்குப் பெயர் சம்மதம்தானே?

தாய்மார்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. இது சூதாட்டம் அல்ல. நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்கிறார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடமாகப் புகுந்து பேசுகிறார்கள். ஒருத்தி மாலுமி, ஒருவன் வைத்தியன், ஒருவன் பொய்சொல்லி. எடுத்த காரியம் பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான். நான் எழுதிய விளையாட்டின் பெயர் 'ஏழாம் துறைமுகம்'. எழுதியவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள்.

பதிப்பகங்களின் படி ஏறினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் கடைசியில் ஜெயிப்பது யார் என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன். புத்தகத்தை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அழுதேனா? அசந்தேனா? நானே அச்சடித்தேன். அச்சடித்ததைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன். கட்டிலுக்கு அடியில் பெருக்க முடியாமல் போனதுதான் நான் கண்ட முதல் பலன். பிறகுதான் கைப்பேசியில் ஒரு குழுவைத் தொடங்கி, தபாலில் அனுப்பும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டுச்சீட்டு வைத்தேன்: விளையாடிப் பார்த்தீர்களா, வந்து சொல்லுங்கள். ஒவ்வொருவராக வந்தார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் முன்னால் வந்தவர் என் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். அந்த வேலையில் விதியை விட்டால் உயிரை விட வேண்டியதுதான். என் விளையாட்டின் விதிகளில் இருந்த ஓட்டைகளை ஒன்றுவிடாமல் அடைத்தவர் அவர். புத்தகம் முழுக்க அவருக்கு மனப்பாடம். குழுவில் யார் எதைக் கேட்டாலும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதற்குள் அவர் பதில் எழுதிவிடுவார்.

ஒருநாள் புதிதாக ஒரு பெண்மணி வந்தார். குழுவில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'உப்பு'. கடற்கொள்ளைக்காரன் எதிரே வந்தால் சண்டைபோடாமல் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டார். எவ்வளவு நல்ல கேள்வி! அதற்கு என் வீட்டுக்காரர் எழுதிய பதில் என்ன தெரியுமா? "முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து கேட்கவும்." அதன் கீழே பழைய ஆட்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டார்கள். உப்பு தன் கேள்வியை அழித்தார், குழுவை விட்டுப் போனார்.

அதன்பின் என்ன ஆயிற்று? குழுவில் ஆள் கூடியது, பேச்சு குறைந்தது. வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். வாயுள்ளவர்கள் ஏழெட்டுப் பேர் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கூட்டுவதா பெரிது? கூட்டத்தில் புதிதாக வந்தவர் கூசாமல் ஒரு கேள்வி கேட்பதல்லவா பெரிது? கேள்வி செத்த இடத்தில் கதை எப்படிப் பிழைக்கும்? என் விளையாட்டு என் கண்ணெதிரிலேயே மூச்சுத் திணறியது.

அவரிடம் கேட்டேன். "நான் சொன்னதுல என்ன தப்பு? பக்கம் அதுதானே?" என்றார். பக்கம் அதுதான். தப்பே இல்லை. அதனால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமாக வந்தது. கைப்பேசியை எடுத்தேன், நீக்கிவிட்டேன்.

கைதட்டாதீர்கள், நீங்கள் கைதட்டுகிறீர்கள், வீட்டுக்குப் போக வேண்டியவள் நான். அடுத்த அறையில் அவர் கைப்பேசி சிணுங்கியது. சமையலறைக்கு வந்து நின்று, "என்னையேவா நீக்கினே?" என்றார். உங்களைத்தான் என்றேன். அதிலிருந்து எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் மகள் வழியாகத்தான் நடந்தது. உங்க அம்மாகிட்ட சொல்லு, குழாய்ல தண்ணி வருதுன்னு. உங்க அப்பாகிட்ட சொல்லு, எனக்கும் கேக்குதுன்னு.

இந்த நேரத்தில்தான் குழுவுக்கு 'மழைக்கோட்டு' என்று ஒருவர் புதிதாக வந்தார். பகடையை எப்போது உருட்ட வேண்டும் என்று பச்சைப்பிள்ளைபோலக் கேட்டார். நான் பதில் எழுதுவதற்குள் பழைய ஆள் ஒருவர் முந்திக்கொண்டார்: முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு வரவும். அடுத்த நொடி என் வீட்டுக்காரர் முகமெல்லாம் சிவந்து சமையலறைக்குள் வந்தார். "யாரு இவன்? ஒரு மனுஷன் தெரியாம கேட்டா இப்படியா பேசறது?" என்றார்.

நீங்கள்தான் குழுவிலேயே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அந்தம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்ல?" என்றார்.

மழைக்கோட்டையும் நீக்கினேன். ஆமாம், நீக்கிய ஆள் வேறு பெயரில் நுழைந்ததற்காக. விதி என்றால் விதிதானே?

மறுநாள், உப்புக்குப் புத்தகம் அனுப்பிய முகவரியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அது ஒரு ரொட்டிக்கடை. வரிசையில் நின்றார். முறை வந்ததும், முப்பத்தொன்றாம் பக்கம் என்று எழுதிய ஆள் நான்தான் என்று தொடங்கினார். அக்கா, "பின்னால ஆள் நிக்கறாங்க. ரொட்டி வேணுமா, வேணாமா?" என்றார். ஒன்று வாங்கிக்கொண்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனார். இரண்டாவது ரொட்டி. மறுபடி கடைசி. மூன்றாவது முறை அக்காவுக்கே பாவமாகிவிட்டது.

"சரி, பேசிப் பார்க்கலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்க" என்றார்.

எல்லாப் பக்கமும் மனப்பாடமான மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "தெரியலைங்க. நான்தான் அந்தக் கொள்ளைக்காரன்னு வச்சுக்கங்க. பேசிப் பாருங்க."

அக்கா பேசினார். ரொட்டி வெட்டும் கத்தியைக் கீழே வைக்காமலே பேசினார். வரிசை நகரவில்லை. யாரும் நகரச் சொல்லவும் இல்லை. பின்னாலிருந்து ஒரு தபால்காரர், அவனை நம்பாதீங்க அக்கா, கப்பல்ல இன்னும் ஆள் வச்சிருப்பான் என்றார். ஒரு கல்லூரிப் பெண் முன்னால் வந்து நானும் வரலாமா என்று கேட்டாள். அன்று அந்தக் கடை வாசலில் சேர்ந்தவர்கள்தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதோ, தபால்காரர் கையசைக்கிறார். இன்றுவரை அவர் எந்தக் கொள்ளைக்காரனையும் நம்புவதில்லை.

அக்கா குழுவுக்குத் திரும்பினார். திரும்பும்போது வாசல் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். யாரைச் சேர்ப்பது என்பது அன்று முதல் அவர் பொறுப்பு. பக்க எண்ணைப் பதிலாகச் சொல்லக்கூடாது, நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. அந்த விதியில்தான் இந்தக் குழு தழைத்தது, கிளைத்தது, இந்த அரங்கம் கொள்ளாமல் நிறைந்தது. என் கட்டிலுக்கு அடியில் இப்போது தாராளமாகப் பெருக்கலாம்.

ஆனால் என் வீட்டுக்காரரை அக்கா சேர்க்கவில்லை. புதியவர்கள் பயம் தெளியட்டும், நான் சொல்லும்போது வரட்டும் என்றார். அவர் காத்திருந்தார். வாராவாரம் கடை மூடியபிறகு அங்கே மேசை போட்டு, புதிதாக வருகிறவர்களுக்குக் கதை சொன்னார். ஊருக்கே உள்ளே வழி, அவருக்கு மட்டும் வெளியே. ஒருநாளும் என்னிடம் சிபாரிசு கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் எவ்வளவு பெருமை என்று வீட்டில் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

தலைவர் அவர்களே, இது உங்கள் வாசல், சாவி உங்களிடம். இவரைச் சேர்ப்பீர்களா என்று இத்தனை பேர் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா கைப்பேசியை எடுக்கிறார். கண்ணாடியைத் தேடுகிறார். நான் பொருத்திய கண்ணாடிதான், நெற்றியில் இருக்கிறது அக்கா.

மூன்றாவது வரிசையில் சிணுங்குவது யாருடைய கைப்பேசி?

கொஞ்சம் பொறுங்கள், என் வீட்டுக்காரர் ஏதோ எழுதுகிறார். குழுவில் வந்துவிட்டது. உரக்கப் படிக்கிறேன்:

"புதுசா வந்திருக்கேன். ஒரு கேள்வி கேக்கலாமா?"

கேளுங்கள். இங்கே யாரும் கேட்கலாம். பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. மேசைகள் தயார், பகடைகள் தயார், எல்லோரும் எழுந்து வாருங்கள். வணக்கம்.