ஊதா வெளிச்சம்

பெசன்ட் நகரில், மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடியவன் நான் ஒருவன்தான், மேடம். எலியட்ஸ் பீச்சில் நின்றால், தூரத்தில் போகிற கப்பலின் கேப்டன் எந்தப் பாக்கெட்டில் செல்போன் வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். நீங்கள் நம்ப வேண்டாம். எங்கள் பிளாக்கிலும் யாரும் நம்பியதில்லை. ஆனால் சிரிப்பார்கள். டெலிபோன் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் லைன்மேனாக இருந்து ரிட்டயரானவனுக்கு வேறென்ன வேண்டும்?

என்னை நம்பியவர் ஒருவர்தான், எதிர்வீட்டு ஜோதிலட்சுமி. இன்ஸ்பெக்டராகிய நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது அவரைப் பற்றித்தான்.

மூன்றாம் மாடியில் இரண்டே வீடு. இரண்டிலும் ஒற்றை ஆள். அவர் வீட்டு மாற்றுச் சாவி என்னிடம் இருக்கும். நான்கு வருஷமாகத் தினமும் காலை பதினோரு மணிக்கு அவர் வீட்டில் ரம்மி. நான் தோற்றால், "இன்னா அசோகன் சார், கையில கீற சீட்டே தெரியல, கப்பல் மட்டும் தெரிஞ்சுதாமே" என்பார். வேண்டுமென்றே தோற்ற நாட்களும் உண்டு.

போன தீபாவளிக்கு அவர் மகள் மதுமதி முகத்தைப் பார்த்துத் திறக்கிற போன் ஒன்றை அனுப்பினாள். ஷார்ஜாவில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து அவள் வீடியோவில் வருகிற நேரமும் பதினோரு மணி. நான் சீட்டுக்கட்டோடு போய் நின்றால், "குந்துங்க, பாப்பா பேசுது" என்று கையைக் காட்டுவார். ஒரு மணி நேரம் அவருடைய தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தரங்கம் முக்கியம் இல்லையா? பேப்பரில் தினமும் போடுகிறான். அதனால்தான் ஒரு நாள் அவர் போனுக்கு நேரே என் பழைய போனின் கேமராவைப் பிடித்துக் காட்டினேன். என் திரையில் ஊதாப் புள்ளி ஒன்று மினுக்கியது. அணைந்தது. ஐந்து விநாடியில் மறுபடி மினுக்கியது. வெறுங்கண்ணால் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

"இன்னாது இது?"

"உங்களப் பாத்துக்கினே கீது. குளிச்சிட்டு வரப்போ, பொடவ மாத்தறப்போ. எங்கியோ எவனோ குந்திக்கினு பாக்கறான்" என்றேன்.

கீழ்வீட்டு ஷரஃபுதீன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அந்தப் புள்ளி, நம் முகத்தை அடையாளம் காண போன் அடிக்கிற அகச்சிவப்பு ஒளி, யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று ஒரு வாரம் முன்பே எனக்கு விளக்கியிருந்தான். அதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் விளக்கை அணைத்துவிட்டுத்தான் புடவை மாற்றினார். யோசனை சொன்னதும் நான்தான்: சமையலறையில் இருந்த எவர்சில்வர் அரிசி டிரம். போனை அதற்குள் போட்டால் எந்த சிக்னலும் போகாது என்றேன். லைன்மேன் சொன்னால் யார் மறுப்பார்கள்? காலை அழைப்பு நின்றது. சாயங்காலம் நான் போய்த் திறந்து கொடுப்பேன். மகளோடு பத்து நிமிஷம் பேசுவார். பிறகு நானே மூடியை அழுத்தி மூடுவேன். வாதம் பிடித்த அவர் விரல்களால் அதைத் திறக்க முடியாது. பதினோரு மணி எனக்குத் திரும்பக் கிடைத்தது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், மூச்சு வாங்குகிறது என்று மகளிடம் சொன்னார். "காலைல கூப்புடறேம்மா. போனக் கையிலயே வெச்சிக்க" என்றாள் அவள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பேசி முடித்ததும், வழக்கம்போல மூடியை அழுத்தினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு டிரம்முக்குள் மணி அடித்தது. என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். நின்றது, மறுபடி அடித்தது. பதினேழு முறை. நடுவில் டிரம்மைக் கையால் தட்டுகிற சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. பிறகு என் போன் அடித்தது. மதுமதி. கவிழ்த்து வைத்தேன். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நாம் ஏன் போக வேண்டும்? எடுத்தால், அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்பாள். கொடுத்தால் பழையபடி தோள்பட்டைதான்.

பதினோரு மணிக்குச் சீட்டுக்கட்டோடு போனேன். டிரம்மைக் கட்டிக்கொண்டு கிடந்தார். மூடி நான் மூடியபடியே இருந்தது.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். விமானம் பிடித்து வந்த மதுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு நீங்கதான் மாமா தொண" என்று அழுதாள். நான் தடுக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு, மணி அடித்ததைக் கேட்டும் போகவில்லை என்று ஷரஃபுதீனிடம் சொன்னேன். அவன் என் தோளைத் தட்டினான். "துக்கத்துல ஒளறாத மாமா. எவர்சில்வர் டிரம்முக்குள்ள சிக்னலே போவாது. போனாலும் ரெண்டு கதவத் தாண்டி உனக்கு எப்டி கேக்கும்? எப்பவும் போல ரீல் வுடாத."

நேற்றுக் காலை அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனே அந்த போனை டிரம்மில் போட்டு மூடியை அழுத்தினான். அவர் கதவையும் என் கதவையும் சாத்திவிட்டு, என் நாற்காலியில் அவனை உட்கார வைத்தேன். தன் போனில் நம்பரைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழைப்பு முழுதாக அடித்து ஓயும்வரை அசையவில்லை. பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேக்குது மாமா" என்றான். "நல்லாவே கேக்குது."