முதுகுத் தழும்பு

இல்லை ஐயா, படத்தைக் கழட்டச் சொல்லேல்லை. உங்கட ஹோட்டல், உங்கட சுவர். மாட்டின இடத்திலயே இருக்கட்டும். அந்தத் தழும்பை மட்டும் மறைச்சால் காணும். மொடலா இருக்கிற பொம்பிளையின்ர முதுகில, இடுப்புக்குக் கொஞ்சம் மேல... ஓம், அதுதான். சின்னனில சுடுதண்ணி ஊத்துப்பட்டது.

எனக்கு எப்பிடித் தெரியுமோ? நானும் அந்தச் சித்திர வகுப்புத்தானே. இந்தா, நீலச் சட்டையோட குனிஞ்சு கீறுறது நான். ஓம், அப்ப நல்ல மெலிவு.

அழாத குஞ்சு, அம்மாவின்ர கையிலதானே இருக்கிறாய்.

அண்டைக்கு மொடல் வரேல்லை ஐயா. சோதினைக்கு நாலு நாள்தான் இருந்தது. எல்லாம் பொம்பிளைப் பிள்ளையள்தானே, கதவைப் பூட்டிப்போட்டுச் சீட்டுக் குலுக்கினனாங்கள். பேர் விழுந்தவ உடுப்பைக் கழட்டிப்போட்டு இருந்தா. இதைக் கீறின ஜெஸ்மின் நல்லவ. ஒருத்தருக்கும் தெரியக்கூடாதெண்டு முகத்தை அங்கால திருப்பிவிட்டவ. ஆர் குறையிறதெண்டு எண்ணிப் பிடிச்சிடுவினமெண்டு, மொடலா இருந்தவவையும் கீறுறவையோட சேர்த்துக் கீறிவிட்டவ. தழும்பை யோசிக்கேல்லை. கண்டதைக் கண்டபடி கீறோணும் எண்டுதானே எங்களைப் பழக்கினது.

சிரிக்காதேங்கோ. அந்தப் பிள்ளை இப்ப கலியாணம் கட்டி இந்த ஊரிலதான் இருக்கிறா. அவவின்ர மனுசன் அந்தத் தழும்பை நித்தம் காணுறவர். மாமிக்காரி இப்பவே கொன்வென்ற்காரி, கொன்வென்ற்காரி எண்டு குத்துறவ. இதைக் கண்டால் பிள்ளையைப் பறிச்சு வைச்சுக்கொண்டு அவவைத் துரத்திப்போடுவினம். கைப்பிள்ளை ஐயா, இன்னும் பால் மறக்கேல்லை.

என்ர அவரோ? அவருக்குப் பெருமை! ஆரோ ஃபோனில அனுப்பின போட்டோவில என்ர முகத்தைக் கண்டிட்டு, என்ர மனுசி படத்தில இருக்கிறா எண்டு தான் வேலை செய்யிற துறைமுகம் முழுக்கச் சொல்லிப்போட்டார். பின்னேரம் நாலு மணிக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு இஞ்ச வாறார், கிட்ட நிண்டு பார்க்க.

ஜெஸ்மினிட்டக் கேட்டிட்டன். நீயே பூசு எண்டு சொல்லிப்போட்டா. இந்தா, மெசேஜ், வாசியுங்கோ. உங்கட ஓம் ஒண்டுதான் மிச்சம். கும்பிட்டுக் கேக்கிறன்.

இது கெதியாக் காயிற பெயின்ற். அரை மணித்தியாலம் காணும்.

நிறம் வித்தியாசமாத் தெரியுமெண்டோ? தெரியாது ஐயா. வீட்டிலயே கலந்து இந்தப் போத்திலுக்க கொண்டந்தனான். அலுமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு, தழும்புக்குப் பக்கத்தில தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் கலந்தனான். அச்சாவாப் பொருந்தும்.

பிள்ளையை ஒருக்காப் பிடிக்கிறீங்களோ?