கூரைக்குப் போர்வை

பினாங்கில் பாலிக் புலாவ் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும். அக்கா மடியில் கூரைக்கு அடியில் விரிக்கும் ராக்வூல் பஞ்சுச் சுருள். பள்ளிக்கூடம் அதிகம் போகாமலே நாலு வீடு கட்டியவன் நான். கூரைப் பேச்சென்றால் காது தானாக நீளும்.

“இந்த வெயில்ல தகரக் கூரைக்குப் போர்வையாக்கா? அத்தான் வெந்துடுவாருலா! பேசாம ஹோம்ல சேத்துடு, அங்க பாத்துக்குவாங்க.”

“பசார்ல மீன்காரன் ஐசுக்குச் சாக்கு போத்துறான். ஐஸ் வேகுதா? வெளிச்சூடு உள்ள எறங்காதுடா. படுத்த படுக்கையா கெடந்தாலும் என் புருஷன் என் வீட்டுலதான் இருப்பாரு.”

“கூரை போட்ட காண்டிராக்டரே இது வேணாம்னாரே!”

“அவரா உங்க அத்தானுக்குக் கஞ்சி ஊட்டுறாரு?”

தம்பி ஏதோ சொல்ல வந்தார்.

“நாளைக்கு ஏணியப் பிடிக்க வா. வாய வீட்டுல வெச்சிட்டு வா.”