மழை நாளில் பாட்டு வகுப்பு

சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதுவது லேசான வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எழுதிப் பார்த்தால் தெரியும். சொல் சின்னதாக இருக்க வேண்டும், மூச்சு முட்டக் கூடாது, கைதட்டும் இடம் தானாக வந்து விழ வேண்டும். ஆனா ஆவன்னாவுக்கு ஒன்று, கூட்டலுக்கு ஒன்று, பல் விளக்க ஒன்று என்று நான் எழுதியவை ஏராளம். இன்ஸ்பெக்டர் ஐயா தமிழ் தெரிந்தவர் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என் பெயர் நல்லமுத்து. லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். இலங்கை சுதந்திரம் வாங்கிய வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தேன். பள்ளிக்கூடம் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோடியில் ஒரே ஒரு நீள அறை, மேலே தகரக் கூரை. மழை வலுத்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் மழை வந்தால் பாட்டு வகுப்பு என்று வழக்கம் வைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை, எனக்கு ஒரு ஜால்ரா. மழையைவிட உரக்கப் பாட வேண்டும், அதுதான் சட்டம். மலையில் கொழுந்தெடுக்கும் தாய்மார்களுக்கே கேட்கும் என்பார்கள். மழை நாளில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு சத்தம் வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அந்த வகுப்புக்கென்றே எழுதிய பாட்டு இது:

கொட்டு மழையே கொட்டு
கொழுந்து துளிர்க்கக் கொட்டு
தட்டு தகரம் தட்டு
தாளம் போட்டுத் தட்டு

பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் நாலு அடியும் ஒரே எடை. பள்ளி விழாவில் பிள்ளைகள் இதைப் பாடும்போது துரைசாணி கால் தட்டுவார். தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தமிழ் அரைகுறை, ஆனாலும் கொழுந்து என்ற சொல் வந்ததும் தலையாட்டுவார். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அந்தக் குரல்கள்தான் எனக்குச் சொத்து.

போன வருஷம் சோலைமலை வந்தார். பயிற்சிக் கல்லூரியில் படித்தவர், என்னில் பாதி வயது. நல்ல மனிதர். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையை வெள்ளையடித்து அவருக்குக் கொடுத்ததே நான்தான். வாய்க்கு வாய் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகள் அவரிடம் சீக்கிரமே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதிலும் எனக்குக் குறை இல்லை.

ஒரு நாள் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அன்றைக்கு மழை. பள்ளிக்கூடத்திலிருந்து என் பாட்டு கேட்டது. ஆனால் அது என் பாட்டு இல்லை.

நில்லு மழையே நில்லு
எங்கம்மா நனையிறாங்க நில்லு

என்று பாடினார்கள். மறுநாள் அவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. இந்தப் புள்ளைங்களோட அம்மா எல்லாம் மழையில இடுப்புல படங்குச் சாக்கு கட்டிக்கிட்டு மலையில நிக்கிறாங்க. அதுங்க வாயாலேயே கொட்டு கொட்டுன்னு பாட வச்சா நல்லாவா இருக்கு?"

"தாளம் இடிக்குது தம்பி. ரெண்டாவது அடி நீளம்."

"இடிச்சா இடிக்கட்டுமே அண்ணே" என்று சிரித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை. இரண்டாவது அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. எவ்வளவு திருத்தினாலும் பிள்ளைகள் அந்த நொண்டித் தாளத்துக்கே திரும்பிப் போனார்கள். பேச்சியம்மா என்று ஒரு பெண்பிள்ளை உண்டு. நல்ல சாரீரம், அவளை நம்பித்தான் மற்றவர்கள் பாடுவார்கள். அவளே, "ஐயா, சின்னையா பாட்டுதான் நல்லாருக்கு" என்றாள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது சரிதான்.

ஆடி மாதம், தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, விழா முடிஞ்சதும் நீங்க ஸ்டோருக்கு வந்துருங்க. கொழுந்து நிறுக்க ஆள் வேணும். பாட்டையும் சோலைமலையே பாத்துக்கிருவாருன்னு தொர சொல்லிட்டாரு."

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே நாள் முழுக்க மெஷின் ஓடும். மெஷினுக்கும் தாளம் உண்டு, ஆனால் அதற்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க முடியாது. சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். துரையிடம் போய் அழுதிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது பழக்கமில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதுக் கக்கூஸுக்கு ஒரு குழி வெட்டிப் பாதியில் விட்டிருந்தார்கள். மூன்று ஆள் ஆழம் இருக்கும். மழைக்கு ஊற்று விட்டு, அடியில் தண்ணீர் நின்றது. வாய்க்குக் குறுக்கே கனத்த பலகைகளைப் போட்டு, அதற்கு மேல் ஒரு தகரத்தை விரித்திருந்தார்கள். சோலைமலையின் அறைக்குப் போக அதன்மேல் நடப்பதுதான் குறுக்குவழி. இடைவேளையில் தேத்தண்ணி குடிக்க அவர் அப்படித்தான் போவார். மழை என்றால் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடுவார்.

விழாவுக்கு மேடை போட வேண்டும். மேடைக்குப் பலகை வேண்டும். தோட்டத்தில் பலகை கேட்டால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் காலையில், பெரட்டில் பேர் கொடுத்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, குழியின் மேலிருந்த பலகைகளை எடுத்து வந்து பள்ளிக்கூடச் சுவரில் சாத்தினேன். தகரத்தை மேடைக்குப் பயன்படுத்த முடியாது. அதனால் அதை இருந்தபடியே விரித்துவிட்டேன்.

பிள்ளைகள் ஒருவரும் பின்பக்கம் போகக் கூடாது என்று மணி அடித்ததுமே சொல்லிவிட்டேன். மேடை நினைப்பில் குழி ஞாபகம் வரவில்லை என்றால், இதை மட்டும் எப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சோலைமலையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இடைவேளைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது, ஆனால் இன்னும் வலுக்கவில்லை. அவர் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "அண்ணே, உங்களுக்கும் தேத்தண்ணி கொண்டாரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பின்கதவு வழியாக ஓடினார். தகரம் மடங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. உடனே சிரட்டைகளை எடுக்கச் சொன்னேன்.

மழை நாளில் பாட்டு வகுப்பு எங்கள் வழக்கம். வழக்கத்துக்கு மாறாக நான் எதுவும் செய்யவில்லை.

முதலில் அவர் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார். பிறகு பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஜால்ராவை ஓங்கித் தட்டினேன். பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேச்சியம்மா மட்டும் சிரட்டையை நிறுத்தினாள்.

"ஐயா, யாரோ கூப்புடுறாங்க."

"மழைச் சத்தம்மா. மொதல் அடியிலேருந்து பாடு."

"சின்னையா சத்தம் மாதிரி இருக்குங்க."

"சின்னையாதான் நீங்க பாடுறத அங்கேருந்து கேக்கிறாரு. இன்னும் சத்தமாப் பாடு."

அவள் பாடினாள். கதவைப் பார்த்துக்கொண்டே பாடினாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அவருடைய அடிக்கு மாறிவிட்டார்கள். 'நில்லு மழையே நில்லு' என்று கத்திப் பாடினார்கள். அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்திருப்பார்கள். அன்றைக்கு நான் திருத்தவில்லை. எத்தனை தடவை பாடினோம் என்று நினைவில்லை. அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. எனக்குக் கண் கலங்கியது. பின்பக்கம் சத்தம் நின்ற பிறகும், இன்னொரு தடவை பாடிவிட்டுத்தான் நிறுத்தினோம். தொண்டை வறண்டிருக்கும் என்று எல்லோரையும் தண்ணீர் குடிக்க அனுப்பினேன்.

மத்தியானம் கூட்டிப் பெருக்க வந்த ராக்காயி தகரம் உள்ளே விழுந்து கிடப்பதைப் பார்த்து அலறினாள். பலகையை லயத்து ஆட்கள் யாரோ விறகுக்கு எடுத்திருப்பார்கள் என்று மலையில் வேலை பார்வையிடும் கண்டாக்கு சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் சாத்தியிருந்த பலகைகளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிணத்தை எடுத்தார்கள், அழுதார்கள், விசாரித்தார்கள், விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவருக்கு ஓர் இரங்கல் பாட்டு எழுதினேன். நன்றாகவே வந்தது. விழாவைத் தை மாதத்துக்குத் தள்ளிப் போட்டார்கள். நான் ஸ்டோருக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இதோடு முடிந்திருக்க வேண்டும். நானும் இங்கே வந்து உங்கள் நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

ஆனால் ஐப்பசி மழை தொடங்கியது. வழக்கம்போல் சிரட்டைகளை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். ஜால்ராவைத் தட்டினேன். ஒரு சிரட்டைகூட அசையவில்லை. எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பின்கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதட்டினேன், மிட்டாய் தருகிறேன் என்றேன், அடித்தும் பார்த்தேன். பேச்சியம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"யாரும் கூப்புடலையான்னு கேட்டுக்கிட்டு இருக்கோங்க ஐயா."

அன்றிலிருந்து மழை பெய்தால் இதே கதைதான். வெயில் நாளிலும் இப்போது குரல் எழும்புவதில்லை. நாங்கள் பாடினதால்தான் சின்னையா செத்தார் என்று ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களாம். ராக்காயி சொன்னாள். பச்சைப் பிள்ளைகள் மனதில் இப்படி ஒரு தப்பான எண்ணம் விழுந்துவிட்டதே என்று எனக்குத் தூக்கமே இல்லை.

அதனால்தான் வந்தேன். சோலைமலையைக் கொன்றது நான்தான். பலகையை எடுத்தது அவர் விழட்டும் என்றுதான். பாட வைத்தது அவர் குரல் கேட்கக் கூடாது என்றுதான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரே ஓர் உதவி செய்யுங்கள். நான் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உங்கள் உடுப்பைப் பார்த்தால் நம்புவார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை வந்து, வாத்தியார்தான் கொன்றார், உங்கள் பேரில் குற்றம் இல்லை, இனிமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள், தைரியமாகப் பாடுங்கள் என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் விழா. இப்போதே தொடங்கினால்தான் குரல் பதமாகும். என்னையும் கூடவே அழைத்துப் போங்கள், நான் எங்கேயும் ஓட மாட்டேன். விலங்கு போடுவதானால் ஒரு கையில் மட்டும் போடுங்கள். தாளம் காட்ட எனக்கு ஒரு கை வேண்டும்.